ஜோனதன் ஆடாத ஆட்டங்கள்

புக்கிட் செலம்பாவ்
23 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூவரும் நலம், பாப்பாவுக்கு மட்டும் லேசாக மூக்கடைப்பு. மூக்கடைப்புதான், வேறொன்றுமில்லை என்று கிளினிக்கில் இரண்டு முறை சொன்னார்கள். மூன்றாவது முறை போக காளி விடவில்லை. மைக்ரோபயாலஜி படித்தவளைக் கட்டியது தப்பு என்கிறார். உன் மலையில் குளிர் எப்படி? பனியனைக் கழற்றாதே.

ஒரு விஷயம். திட்டாமல் படி. சனிக்கிழமை சாயங்காலம் நம் திடலில் வட்டார லீக்கின் முதல் ஆட்டம். கெலாம் ரோவர்ஸுக்கு நீதான் கீப்பர். ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்துவிட்டாய்.

ஆட்டக்காரர் பட்டியலை மேனேஜர் ராமையா அண்ணன் ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். அதில் உன் பேர் இருக்கிறது. பிப்ரவரியில் நீ மடத்துக்குக் கிளம்புவாய் என்று யாருக்குத் தெரியும்? ரிசர்வ் கீப்பர் ரையன் மோட்டார் சைக்கிளில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். புதுப் பேர் சேர்க்க ஜூலை வரை வழியில்லை. ராமையா அண்ணன் தன் டயர் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து காளியை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டியல்ல ஒட்டுன ஜெராக்ஸ் காப்பியில ஜோனதன் மூஞ்சி கரிச்சட்டி மாதிரிதான் இருக்கு. மீச எடுத்தா நீயும் ஜோனதன்தான்லா."

அப்படித்தான் என் வீட்டுக்காரர் நீயானார். ஆனால் திடலில் எல்லாரும் அவரை ஜோனதன் என்றே கூப்பிட வேண்டும் என்று கட்டளை. அம்மாவுக்கும்தான்.

நீ போன நாளிலிருந்து அம்மா உன் பேரைச் சொல்லவில்லை. இதை உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன். ராத்திரி ஜெபத்தில் செத்துப்போன அப்பாவிலிருந்து பாப்பா வரை எல்லாப் பேரும் வரும். உன் இடம் வந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவாள். அந்தச் சனிக்கிழமை அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றாள். எழுபதாவது நிமிஷம், கார்னர். திடீரென்று, "ஜோனதன்! கம்பத்த விட்டு வெளிய வாடா!" என்று ஒரு கத்தல். காளி வெளியே வந்து பந்தைக் குத்திவிட்டார்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை,
மிஷெல்


ரானாவ் மலைப்பக்கம், சபா
5 மே 2024

அன்புத் தங்கை மிஷெலுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். பாப்பாவின் மூக்கடைப்பு போயிருக்கும். பனியன் போட்டிருக்கிறேன்.

மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும்தான் நாங்கள் கடிதம் எழுதலாம். வருகிற கடிதத்தை எங்கள் பொறுப்பாளர் ஃபாதர் பார்ப்பார். அவர் பிலிப்பைன்ஸ்காரர், தமிழ் தெரியாது. அதனால் உன் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. "நீதான் கீப்பர், ஜெயித்துவிட்டாய்" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார்.

இது பொய், மிஷெல். ராமையா அண்ணனிடம் நிறுத்தச் சொல்.

அந்தக் கார்னர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இடது பக்கம் மேலே வரும் பந்து என்றால் எனக்கு எப்போதும் பயம். மச்சான் இரண்டு கையாலும் குத்தினாரா, ஒரு கையாலா?

அம்மா கூப்பிட்டபோது 'ஜோ'வை நீட்டினாளா?

ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் எங்களுக்குத் துறவு உடுப்புத் தருவார்கள். அன்றைக்கே புதுப் பேரும் தருவார்கள், பழைய பேரை வாசலில் விட்டுவிட வேண்டும். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு கடிதம்தான். அதுவரை கதவு திறந்திருக்கிறது. மனம் மாறினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஜெபத்தில் நினைக்கும்
ஜோனதன்


புக்கிட் செலம்பாவ்
21 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். பதில் எழுதத் தாமதம். பாப்பா தூங்கினால் எழுதலாம் என்று உட்கார்வேன், தூங்குகிறவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கப் போவேன், தாள் அப்படியே கிடக்கும்.

இடது பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒரு கையால் குத்தினார். 'ஜோ' நீளமாகத்தான் வந்தது. நீ சின்னப் பிள்ளையில் மழையில் ஆடும்போது கூப்பிடுவாளே, அதே நீளம்.

போன வாரம் தஞ்சோங் டாவாயில் இரண்டு கோலில் தோற்றாய். உன் தப்பு இல்லை. ஆற்றுவாயில் அன்றைக்கு ஒரு காற்று. உதைத்த பந்து மேலே போய், இறங்க மனமில்லாததுபோல் அப்படியே நின்றது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கரையில் காயவைத்த இறால் வாசம். தூரத்தில் படகுகள் மஞ்சள் வெயிலில் கரைந்துகொண்டிருந்தன. பந்து எங்கே விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்ததுபோலவும், அதைச் சொல்ல வாய் வராததுபோலவும் இருந்தது. காய்ச்சல் கனவில் வருமே, அப்படி. விழுந்தது வலைக்குள்.

அம்மா இப்போது ஒரு சனிக்கிழமைகூட விடுவதில்லை. கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆட்டம் முழுக்க ஏதோ பேசிக்கொண்டேயிருக்கிறாள். என்னவென்று காளியிடம் கேட்டேன்.

"பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது, 'ஜோனதன், சாப்டியாடா? அங்க குளிருதாமே, போர்வை குடுத்தாங்களா?'ன்னு கேப்பாங்க. பந்து இந்தப் பக்கம் வந்தா, 'பந்தப் பாருடா'ன்னுவாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"குடுத்தாங்கம்மான்னு சொல்வேன். வேற என்ன சொல்றது?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'மாப்ள, வாங்க, போங்க' என்றுதான் அம்மா கூப்பிட்டிருக்கிறாள். திடலில் 'டா' கிடைப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. தாய் இல்லாமல் வளர்ந்தவர்தானே.

நிறுத்தச் சொன்னாய். எப்படி நிறுத்துவது, நீயே சொல்.

உன் மோட்டார் சைக்கிளை ஒவ்வொரு புதன்கிழமையும் பத்து நிமிஷம் ஓடவிடுகிறேன். பேட்டரி செத்துவிடக்கூடாது என்று. சும்மாதான்.

உன் தங்கை,
மிஷெல்


ரானாவ் மலைப்பக்கம்
2 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே விழைகிறேன்.

முட்டைக்கோஸ் தோட்டத்தில் எனக்கு வேலை. காலையில் மூடுபனி இறங்கினால் என் கையே எனக்குத் தெரியாது. தெரியாத கையால் களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். இந்நேரம் எங்கேயோ என் பேரில் ஒருவர் கையை விரித்து நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் கனவில் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தேன். எழுந்து பார்த்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறேன்.

போர்வை இரண்டு கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொல். அதாவது, மச்சானைச் சொல்லச் சொல்.

ஜூலை முதல் தேதியிலிருந்து பதினைந்து வரை புதுப் பேர் பதியலாம். மச்சான் தன் பேரிலேயே ஆடட்டும். இந்த முறை கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தஞ்சோங் டாவாய் தோல்விக்கு ஃபாதர் வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்.

ஜோனதன்


ரானாவ் மலைப்பக்கம்
7 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? ஜூன் முழுக்க உன் கடிதம் இல்லை. பாப்பாவுக்கு ஏதாவதா, அம்மாவுக்கா? பெயர்ப் பதிவு ஆகிவிட்டதா? இரண்டு வரியாவது போடு.

ஜோனதன்


புக்கிட் செலம்பாவ்
17 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பயப்படாதே, எல்லாரும் நலம். பாப்பாவுக்குப் பல் வருகிறது. பாலாடைச் சங்கை மூன்று முறை கொதிக்கவைக்கிறேன், அதைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறாள்.

ஜூனில் நான்கு ஆட்டம், மூன்றில் வெற்றி. சுங்கைப் பட்டாணியில் நீ ஒரு பெனால்டியைத் தடுத்தாய். பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது: 'கோல்காவலர் ஜோனதன் அபாரம்.' அம்மா அதை வெட்டி, திருஇருதயப் படத்தின் சட்டத்தில் செருகிவைத்திருக்கிறாள். புள்ளிப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். கடைசி ஆட்டம் ஆகஸ்ட் 10. அதில் ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போய்விடலாம். ராமையா அண்ணன் டயர் மாட்டும்போதுகூடச் சிரிக்கிறார்.

பெயர்ப் பதிவு நடக்கவில்லை. ராமையா அண்ணன் பதிவுப் படிவத்தோடு 14-ஆம் தேதி வந்தார். காளிக்கும் ஆசைதான். "என் பேர்ல ஒரு பந்தாவது பிடிக்கணும்லா," என்றார். ஆனால் பதிவுக்கு அடையாள அட்டை வேண்டும், அவருடைய ஐசியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். மறுநாள் கெடு முடிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் பார்த்தால், பாப்பாவின் பழைய பால்மாவு டின்னுக்குள் இருக்கிறது. எப்படி அங்கே போனதோ.

ஆகஸ்ட் 15-க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் நல்லபடியாக ஓடுகிறது.

குளிரில் வேலை செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு. தூக்கம் வருகிறதா?

மிஷெல்


ரானாவ் மலைப்பக்கம்
26 ஜூலை 2024

மிஷெல்,

இன்று ஞாயிறு இல்லை. ஃபாதரிடம் தனியாக அனுமதி வாங்கி எழுதுகிறேன். உன் கடிதத்தில் டின் வந்த இடத்தை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஐசிக்குக் கால் இல்லை. டின்னுக்கு மூடி இருக்கிறது.

உனக்குக் கோபம் இல்லையே? எனக்கு இல்லை. யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதமாக என் குளிர், என் பனியன், என் தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறாய். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்தாய் போலிருக்கிறது. நீ கேட்காததால் நானும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். பனி விலகும்போது முட்டைக்கோஸ் இலையில் ஒரு நீலம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வேறு எங்கேயும் போக வேண்டாம் என்றிருக்கிறது. திரும்பி வர மாட்டேன்.

மோட்டார் சைக்கிளை ரையனிடம் கொடுத்துவிடு.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் கிளப்பில் யார் வெளியேறினாலும் ரிலீஸ் லெட்டர் கொடுப்பது வழக்கம். அது இல்லாமல் வேறு சட்டை போடக்கூடாது. எனக்கு யாரும் தரவில்லை. 15-ஆம் தேதிக்குள் அது என் கையில் இருந்தால் நல்லது. ராமையா அண்ணன் எழுதலாம். ஆனால் யார் தர வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

அண்ணன்


புக்கிட் செலம்பாவ்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கிறேன். சுகம்தான். ஆனால் நேற்று அழாதவர்கள் இல்லை, பாப்பாவைத் தவிர.

உன் கடிதம் 1-ஆம் தேதியே வந்தது. எட்டு நாள் அதே டின்னுக்குள் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். டின் விஷயத்தையும் சேர்த்து. அவள் நிமிரவே இல்லை. ஒவ்வொரு தலையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டேயிருந்தாள். முடித்ததும் கேட்டாள்:

"சந்தோசமா இருக்கேன்னா எழுதியிருக்கான்?"

"ஆமாம்மா."

"அந்த எடத்த மட்டும் திரும்பப் படி."

மூன்று முறை படித்தேன். கை கழுவிக்கொண்டு எழுந்துபோனாள்.

நேற்று கடைசி ஆட்டம், நம் திடலில். மழை விட்டு, புல்லிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மிதந்துகொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது காளி ஒரு பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டார், திடலே கத்தியது. அப்போதுதான் எதிர் டீம் மேனேஜர் லீக் அதிகாரியிடம் போய், இது ஜோனதன் இல்லை என்று சொன்னார். ஆட்டம் நின்றது.

அதிகாரி, வயசான மலாய்க்காரர், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கோல் கம்பம் வரை நடந்து வந்தார். காளியிடம் பேர் கேட்டார். காளி கையுறைப் பட்டையை இறுக்கிக் கட்டினார். ராமையா அண்ணன் ஓடிவந்து, "ஜோனதன்தான் துவான், இது அவன் அம்மா, கேட்டுப் பாருங்க!" என்றார். பாவம், அம்மாவைத்தான் அவர் முழுசாக நம்பியிருந்தார்.

அதிகாரி அம்மாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "இனி அனாக் மாக்சிக்?" இது உங்கள் மகனா என்று.

ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும். மேல் பிரிவு. நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டேன். இத்தனை மாதமும் அதைத்தானே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா காளியைப் பார்த்தாள். "புக்கான்," என்றாள். இல்லை. "மெனாந்து." மருமகன். பிறகு தமிழிலேயே, அதிகாரிக்குப் புரியுமா என்றுகூட நினைக்காமல், "எம்மவன் ஜோனதன் சபாவுல சாமியார் மடத்துல இருக்கான். சந்தோசமா இருக்கான்," என்றாள்.

காளி கையுறையைக் கழற்றிப் புல்லில் வைத்தார்.

அவர் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ரத்து. நாம் கடைசி இடத்தில். அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவு. ஆட்டக்காரர்கள் ஒருவரும் அம்மாவிடம் பேசவில்லை. ராமையா அண்ணன் தண்ணீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து, "அகத்தாக்கா, ஒரு தலையாட்டுதானேக்கா," என்றார்.

"தலையாட்டியிருந்தா அவன் இங்கயே மாட்டிக்குவான் தம்பி," என்றாள் அம்மா. "அழுதது போதும். பேப்பர் எடுங்க. ரிலீஸ் லெட்டர் எழுதணும்."

டயர் கடை லெட்டர்ஹெட்டில் எழுதியிருக்கிறார். மன்னித்துக்கொள். விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். 15-க்குள் வந்துசேருமோ என்று எனக்கு இருக்கிற பயத்தைக் காளியிடம் கேள்.

நான் உன்னைத் திரும்ப வரவைக்கப் பார்த்தேன், அண்ணா. இப்போது கேட்கிறேன், பதில் தெரிந்தும்: அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா?

மிஷெல்


[இணைப்பு]

கெலாம் ரோவர்ஸ் கால்பந்துக் குழு
10 ஆகஸ்ட் 2024

ஜோனதன் த/பெ சில்வெஸ்டர், சட்டை எண் 1, எங்கள் குழுவில் ஒன்பது ஆண்டு கோல் காத்தவர். இன்று முதல் இவரை விடுவிக்கிறோம். இவர் விரும்பும் எந்தக் குழுவின் சட்டையையும் போட்டுக்கொள்ளலாம். இவர்மேல் எங்களுக்கு எந்தப் பிடிப்பும் இல்லை.

மேனேஜர், ராமையா

பிடிப்பு இல்லைன்னு ராமையா தம்பி எழுதினது கிளப்புக்கு மட்டும். போர்வை பத்தலன்னா கேட்டு வாங்கு. அம்மா.


ரானாவ் மலைப்பக்கம்
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் 14-ஆம் தேதி சாயங்காலம் வந்தது. ரிலீஸ் லெட்டரை ஃபாதருக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் வரியை வாசிக்க முடியவில்லை. அவர் எழுந்துபோய் மூன்றாவது போர்வை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எப்படிப் புரிந்ததோ.

திருநாளில் உடுப்புக் கொடுத்தார்கள். என் புதுப் பேர் இராயப்பர். விண்ணக வாசலின் சாவியை வைத்திருப்பவர். எனக்கு இனிமேல் மடத்து வாசலில் வேலை. வருகிறவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும். "உனக்குப் பழக்கமான இடம்தானே," என்றார் ஃபாதர். "ஒரு வித்தியாசம், இங்கே உள்ளே விட வேண்டும்."

நீ கேட்டதற்கு: ஆம்.

இனி கடிதம் கிறிஸ்துமஸுக்குத்தான். அதற்குமுன் மச்சான் தன் பேரில் ஒரு பந்தாவது பிடித்துவிட வேண்டும்.

சகோதரர் இராயப்பர்
(உன் அண்ணன்)


புக்கிட் செலம்பாவ்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணன் இராயப்பருக்கு,

எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது. போகப்போகச் சரியாகும். இங்கே எல்லாரும் சுகம். பாப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே குனிந்து குனிந்து நடக்கிறேன், எனக்குத்தான் இடுப்பு வலி. இந்தக் கடிதத்தை நீ கிறிஸ்துமஸுக்குத்தான் படிப்பாய் என்றால் அதுவும் சரி. நான் எப்போதும் தாமதம்தானே.

ரையன் வந்து மோட்டார் சைக்கிளை எடுத்துப்போனான். போன புதன்கிழமை, அந்த நேரத்துக்குப் பாப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரும் என்று. நானும் அவளோடு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

16-ஆம் தேதி மலேசிய தினத்துக்கு நம் திடலில் ஒரு நட்பு ஆட்டம். லீக் இல்லை, பட்டியல் இல்லை. கேட்டால் சொல்லத் தயாராகக் காளி ஐசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. ஆட்டக்காரர்கள் இன்னும் அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரோ ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

இரண்டாவது பாதியில் கார்னர். இடது பக்கம், மேலே. பந்து வெயிலுக்குள் போய் ஒரு நொடி காணாமல் போனது. திடலே பழக்கதோஷத்தில் "ஜோனதன்!" என்று கத்தியது. ராமையா அண்ணன்கூட. அம்மா மட்டும், "மாப்ள! கம்பத்த விட்டு வெளிய வாங்க!" என்றாள்.

வந்தார். பிடித்தார். இரண்டு கையாலும், நெஞ்சோடு சேர்த்து.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நல்லாதான் இருந்துச்சு," என்றார். கொஞ்ச தூரம் வந்த பிறகு, "அந்த 'டா' போயிருச்சு பாத்தியா," என்றார்.

கடைசியாக ஒன்று. நேற்று ராத்திரி ஜெபத்தில் அம்மா வரிசையாகப் பேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். உன் இடம் வந்தது. நானும் காளியும் கண்ணைத் திறந்துவிட்டோம். அவள் அந்த மூச்சை விடவில்லை. "இராயப்பர்," என்றாள், தெளிவாக. மனப்பாடம் செய்திருக்கிறாள். அடுத்த பேருக்குப் போகப்போனவள் நின்றாள். ஆண்டவருக்குக் குழப்பம் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம் போலிருக்கிறது. படத்தை நிமிர்ந்து பார்த்து, அடையாளமும் சொன்னாள்:

"எங்க ஜோனதன்தான்லா, ஆண்டவரே."

உன் தங்கை,
மிஷெல்